தடையாக நிற்கும் மரம்

1

விளையாட்டைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் வழக்கமில்லை. கவிதை, ஓவியம், சினிமா, அரசியல் எதைப் பற்றியும் எழுதலாம். விளையாட்டு மட்டும் தினசரியின் கடைசிப் பக்கத்துக்கு உரியது என்று ஒரு எண்ணம். ஹாலந்தைச் சேர்ந்த ஹுய்ஸிங்கா 1938இல் மனிதனை விளையாடும் பிராணியாக வைத்து ஒரு முழு நூல் எழுதினார். சட்டம், யுத்தம், கவிதை எல்லாவற்றிலும் விளையாட்டின் உருவம் கலந்திருப்பதாக அவர் சொன்னதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். படித்துவிட்டு, கவிதையைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, விளையாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

நான் எடுத்துக்கொள்வது சிறிய விஷயம். அடர்ந்த காட்டுக்குள் புதிதாக வெட்டப்பட்ட ஒரு ஆடுகளத்தில் தட்டெறிந்து ஆடும்போது எழுகிற ஒரு தார்மிகப் பிரச்னை. பிரச்னையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: என் வழியில் நிற்கிற ஒன்றிடம் எனக்கு என்ன கடமை? அது எனக்காக அங்கே நிற்கவில்லை. என்னை எதிர்த்தும் நிற்கவில்லை. அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை. எனக்கோ, நான் எறிந்த கணத்திலிருந்து, அது ஒரு தடை.

மைதானம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். மேடு பள்ளத்தைச் சமன் செய்து, கல் பொறுக்கி, முள் அகற்றி, சுண்ணாம்புக் கோடு போட்டபின் அங்கே முன்பிருந்த இடம் போய்விடுகிறது. டென்னிஸ் ஆடுகிறவனுக்கு எந்த ஊரிலும் அதே அளவுச் செவ்வகம்தான். இது வெறும் வறட்டுத்தனம் இல்லை. இரண்டு பேர் மோதும்போது நிலம் ஒருவனுக்குச் சாதகமாகச் சரிந்திருக்கக் கூடாது என்ற நியாய உணர்ச்சியிலிருந்துதான் இந்தச் சமன்படுத்தல் பிறக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலையாக இடம் தரப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் ஆடும் விளையாட்டு இந்த விலையைத் தர மறுக்கிறது. அல்லது மறுப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. இரண்டில் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் விதி எளியது. உள்ளங்கை விரித்த அகலத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தட்டு. எடை பெரும்பாலும் 175 கிராம் வாக்கில். ஒரு மேடையிலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் ஒரு கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் பட்டு, கீழே உள்ள கூடையில் தட்டு விழ வேண்டும். இப்படிப் பெரும்பாலும் 18 கூடைகள். குறைந்த எறிகளில் முடித்தவன் ஜெயித்தான்.

இந்த விளையாட்டின் சரித்திரத்தில் ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது. அதை யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஆரம்பத்தில் கூடை கிடையாது. பூங்காக்களில் தட்டெறிந்து ஆடியவர்கள் ஒரு விளக்குக் கம்பத்தையோ, குப்பைத் தொட்டியையோ, ஒரு மரத்தையோ இலக்காக வைத்துக்கொண்டார்கள். மரத்தில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதாவது மரம்தான் போய்ச்சேர வேண்டிய இடம். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். அங்கும் முதலில் வெறும் கம்பங்கள்தான். சங்கிலியும் கூடையும் அவர் பின்னர் செய்தது. 1977இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு இலக்கு என்பது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நடப்பட்ட இரும்புப் பொருளாயிற்று. மரம் இலக்கு ஸ்தானத்திலிருந்து இறங்கித் தடை ஆயிற்று. நின்ற இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகராமலே அதன் அர்த்தம் நேர்மாறாகிவிட்டது.

இன்னொரு மாற்றம் 1983இல் வந்தது. அதுவரை தட்டின் விளிம்பு வட்டமாக, மூடி போல இருந்தது. அந்த வருஷம் விளிம்பைச் சரிவாகக் குறுக்கி, காற்றைக் கிழித்துப் போகும் விதமாக வார்த்த தட்டு சந்தைக்கு வந்தது. தூரம் கூடியது, வேகம் கூடியது. பழைய மூடி மரத்தில் பட்டால் பொத்தென்று விழும். புதிய விளிம்பு பட்டையில் தழும்பு வைக்கும்.

ஹெட்ரிக் 2002இல் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இதைக் கேட்டதும் சிரித்தவர்கள் உண்டு. கங்கையில் கரைகிறவனும் ஏதோ ஒன்றில் கலந்துவிட வேண்டும் என்றுதானே விரும்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன். தான் கண்டுபிடித்த சங்கிலியில் பட்டு ஒலிக்க அவர் விரும்பியிருக்கலாம். எறிகிறவனின் கை எப்படியோ. வழியில் மரங்களும் இருக்கின்றன.

3

நான் ஆடும் களம் மத்திய மாசசூஸெட்ஸில், ஒரு தனியார் நிலத்தில் இருக்கிறது. திறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பெயர் இங்கே அவசியமில்லை. அந்தப் பிரதேசத்தில் இதுபோலப் பல உண்டு. பனிப்பாறைக் காலம் உருட்டிவந்து விட்டுப்போன, ஆள் உயரப் பாறைகள். அவற்றின் மேல் வேரோட்டி நிற்கும் ஹெம்லாக் மரங்கள். ஓக், மேப்பிள், பீச், பைன். இடுப்பளவுக்கு மௌன்டன் லாரல் புதர், உள்ளே போனால் கையைக் காலை விடாது. ஈரமான பள்ளங்களில் பெரணி. வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைம் காய்ச்சல் என்ற பெயரே பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் ஒரு ஊரிலிருந்து 1970களில் வந்தது.

இந்தக் களத்தில் 200 அடி தூரம் 400 அடியைவிடக் கடினம். எறியும் பாதை சில இடங்களில் இரண்டு ஆள் கைநீட்டிய அகலம்தான். வலது கைக்காரன் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும் தட்டு, வேகம் இருக்கும்வரை நேராகவோ சற்று வலப்புறமாகவோ போகும். வேகம் அடங்கும்போது இடப்புறம் சரியும். இந்தச் சரிவை மரங்களுக்கிடையே எங்கே வைப்பது என்பதுதான் ஆட்டம். கணக்குத் தப்பினால் சத்தம் கேட்கும். ஓக்கில் பட்டால் ஒரு சத்தம், உள்ளே உளுத்த மரத்தில் பட்டால் வேறு சத்தம். சில நாட்கள் ஆடியபின் கண்ணால் பார்க்காமலே எந்த மரம் என்று சொல்லிவிடலாம்.

இது ஒரு அறிவு. இந்த அறிவின் தரம் என்ன என்பது கேள்வி. ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளிவந்த தம் தத்துவ நூலில் ஒரு உதாரணம் சொல்கிறார். தன்மானம் புண்பட்டு, மனம் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறு வல்லூறு வானில் அசையாமல் நிற்பதைப் பார்க்கிறோம். அந்தக் கணத்தில் 'நான்' மறைந்து பறவை மட்டும் இருக்கிறது. ஒழுக்கத்தின் ஆரம்பம் இப்படிப்பட்ட கவனத்தில்தான் என்பது அவர் கட்சி. இந்த அளவுகோலை வைத்தால் ஆட்டக்காரன் தேறமாட்டான். அவன் கவனம் முழுக்கத் தன்னலமானது. ஏழாம் கூடைக்குப் போகும் வழியில் இடப்புறம் சாய்ந்து நிற்கும் மேப்பிளை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த உயரத்தில் கிளை பிரிகிறது, இலை உதிர்ந்தபின் எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும். ஏன் தெரியும்? அது என் எண்ணிக்கையைக் கெடுத்தது.

ஆனால் காட்டில் உலாவப் போகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையை நேசிப்பவன். நூறு மரங்களைக் கடந்து போகிறான்; திரும்பி வந்து பசுமை என்கிறான், அமைதி என்கிறான். ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டால் அவனிடம் பதிலில்லை. நம் பத்திரிகைகளுக்கு வந்து சேரும் இயற்கைக் கவிதைகளில் பாதி இந்த உலாவலிலிருந்து வந்தவை. அவற்றில் மரம் இருக்கும், இன்ன மரம் இராது. மர்டாக்கின் வல்லூறு அபூர்வமான விருந்தாளி. அதை நம்பி ஒரு ஒழுக்கத்தைக் கட்ட முடியாது. எரிச்சலும் ஒருவகைக் கவனம்தான். தாழ்ந்த வகை, ஆனால் பொய் சொல்லாத வகை. இன்ன மரம் என்று அது பார்க்கிறது.

4

கவனம் தன்னலமாகவே இருக்கட்டும். செயல் எப்படி இருக்கிறது? இங்கேதான் இந்த விளையாட்டின் விதிகளில் ஒன்று என்னை நிறுத்தியது.

தட்டு புதருக்குள் போய் விழுகிறது. அங்கே நின்று எறிய வேண்டும். விதி சொல்வது: களத்தின் நிரந்தர அங்கமாக உள்ள எதையும் மிகக் குறைவாக அசைக்கும் நிலையைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். நின்றபின், கையை வீசுவதற்கு இடம் செய்வதற்காக ஒரு கிளையை விலக்கிப் பிடிக்கக் கூடாது. காலால் மிதித்து ஒதுக்கக் கூடாது. வீசும் கை போகிற போக்கில் இலையில் பட்டால் பாதகமில்லை. உதிர்ந்த சருகு, மரத்திலிருந்து முறிந்து விழுந்த கிளை இவை நிற்குமிடத்தில் கிடந்தால் அகற்றலாம். ஆக வேரோடு இணைந்திருப்பதற்கும் இணைப்பறுந்து கிடப்பதற்கும் நடுவே ஒரு கோடு. பிளாஸ்டிக் தட்டை எறிகிற ஒரு பொழுதுபோக்கின் விதிப்புத்தகத்தில் இந்தக் கோட்டைச் சந்திக்க நான் எதிர்பார்க்கவில்லை.

நடைமுறையில் இது உடம்பைக் கோமாளியாக்கும். முழங்காலில் நின்று, ஹெம்லாக் கிளைக்கு அடியில் தலையைச் சாய்த்து, கையை முழங்கையோடு மடக்கி எறிகிறோம். கிளையைச் சற்றே பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து எறியலாம். யாரும் பார்க்கவில்லை, நடுவர் கிடையாது, ஆடுகிறவர்களே ஒருவருக்கொருவர் நடுவர். இருந்தும் பெரும்பாலோர் கிளையைத் தொடுவதில்லை. பெர்னார்ட் ஸூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் எழுதிய நூலில் விளையாட்டையே இப்படித்தான் விளக்கினார்: காரியத்தை முடிக்கச் சுலபமான வழி இருக்க, அதை விலக்கும் விதியை, அந்த விதியால் சாத்தியமாகிற செயலுக்காகவே ஒருவன் ஏற்கிறான். யாப்பை ஏற்றவனும் யாப்பை விட்டபின் வேறு நிர்ப்பந்தங்களைத் தேடிப்போனவனும் இதைப் புரிந்துகொள்வார்கள்.

இந்த விதி யாருக்காக என்பதில் ஏமாறக் கூடாது. மரத்துக்காக அல்ல. மரத்துக்கு வலிக்குமே என்று எந்த விதிக்குழுவும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நான் கிளையை ஒடித்தால் எனக்குப்பின் வருகிறவனுக்குக் களம் வேறாகிவிடும். அவனுடைய எண்ணிக்கையும் என்னுடையதும் ஒப்பிட முடியாதவையாகிவிடும். மனிதர்களுக்குள் நியாயம் வேண்டும் என்பதற்காக மரம் தொடாமல் விடப்படுகிறது. அதன் பாதுகாப்பு நம் வழக்கின் உபவிளைவு.

இதைக் கேட்டதும் சற்று ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதில் ஒரு கண்டுபிடிப்பு தெரிகிறது. மைதானத்தில் நியாயம் எப்படி வந்தது? இடத்தை அழித்து. இங்கே எப்படி வருகிறது? இடத்தை இருவரும் தொடாமல் விட்டு. இரண்டு பேருக்கு நடுவே நியாயம் நிற்க வேண்டுமானால், இருவரில் எவனுடைய இஷ்டத்துக்கும் வளையாத மூன்றாவது ஒன்று வேண்டும். வெறும் ஒப்பந்தம் போதாது. ஒப்பந்தம் எங்கள் இருவருடையது, இருவரும் சேர்ந்தால் மாற்றிவிடலாம். மொழி அப்படிப்பட்ட மூன்றாவது. என் வசதிக்கு ஒரு சொல்லின் அர்த்தத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டால் உங்களோடு பேச்சு அறுந்துபோகிறது. காட்டில் அந்த ஸ்தானத்தில் ஒரு ஹெம்லாக் நிற்கிறது.

காணாமல் போன தட்டைத் தேடும் விதியும் இதோடு சேர்ந்தது. தேட 3 நிமிஷம். கூட ஆடுகிறவர்கள், எதிராளிகள் உட்பட, தேடிக்கொடுக்க வேண்டும். கிடைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு எறி தண்டனை. லாரல் புதருக்குள் நாலு பேர் குனிந்து, அவரவர் ஆதாயத்துக்கு எதிராகத் தேடிக்கொண்டிருக்கும் அந்த 3 நிமிஷத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதரும் இருட்டும் இல்லாத மைதானத்தில் அப்படியொரு நிமிஷத்துக்கு அவசியமே ஏற்படாது.

5

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். முடிக்க முடியாததற்குக் காரணம் அடிக்கட்டைகள்.

பழைய களங்களில் இவை கண்ணில் படுவதில்லை. அழுகி, பாசி மூடி, மண்ணோடு போயிருக்கும். அங்கே ஆடுகிறவன் காடு தானாகவே அப்படி ஒரு வழி விட்டதாக நினைத்துக்கொள்ளலாம். புதிய களத்தில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் போகும் பாதையில் வெளுத்த வட்டங்கள். பைன் அடிக்கட்டையில் பால் உறைந்து நிற்கிறது. சில மரங்களில், அடுத்து வெட்ட வேண்டியவை என்று, ஆரஞ்சுப் பெயின்ட் அடையாளம். நான் கிளையைத் தொடாமல் முழங்காலில் நிற்கும் இடத்தில், எனக்கு முன் ஒருவர் எந்திர ரம்பத்தோடு நின்றிருக்கிறார். என் அடக்கம் அவர் வெட்டி முடித்தபின் தொடங்கியது. வேருள்ளதைத் தொடாதே என்ற விதி, தொட வேண்டியதையெல்லாம் தொட்டு முடித்தபின் அறிவிக்கப்பட்டது.

இதற்குத் தமிழில் நம்மிடம் இருக்கும் சொல் 'திருத்துதல்'. காட்டைத் திருத்தினான் என்கிறோம். காடு ஏதோ பிழையாக இருந்ததுபோல. காடழித்து ஊராக்கிய கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை இவ்வளவு நாசூக்குப் பார்க்கவில்லை. 'கொல்' என்ற வினையையே ஆள்கிறது. அந்தப் புலவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, புகழாகத்தான் சொன்னார். ஆனால் செயலின் பெயரை மறைக்கவில்லை. கொல்லிலிருந்து திருத்துக்கு வந்ததில் நாம் கருணை மிகுந்தவர்கள் ஆகிவிடவில்லை. செயல் அதேதான், வினை மட்டும் சாந்தமாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியைத் திருத்துகிற நமக்கு இந்தச் சொல் தினமும் கையில் புழங்குவது. அடித்த வரியின் தழும்பு அச்சில் தெரியாது என்பது நம் தொழிலின் சௌகர்யம்.

மரத்தில் தழும்பு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1970களில் தெளிவாக்கினார். மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. நம் தோல் போலப் பழைய இடத்தில் புதிய திசு வந்து அடைவதில்லை. அடிபட்ட பகுதியைச் சுற்றி உள்ளே தடுப்புகளை எழுப்பி, அழுகல் பரவாதபடி அதைத் தனியே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. காயம் உள்ளேயே இருக்கும், மரம் உள்ளவரை. 1983க்குப் பிந்தைய தட்டின் விளிம்பு வைக்கும் சிறு தழும்புகளுக்கும், ஒரு பாதையோரத்தில் அவை நூற்றுக்கணக்கில் சேரும்போது, இதே விதிதான். ஷைகோ இதை எப்படித் தெரிந்துகொண்டார்? ஆயிரக்கணக்கான மரங்களை எந்திர ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து. மரத்துக்கு மறதி இல்லை என்பதை அறியவும் மரத்தைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் காட்டை விட்டுவிடுங்கள், விளையாட வேறு இடமா இல்லை என்று சொல்வது சுலபம். காடு அந்தச் சுலபத்துக்கு இடம் தருவதில்லை. பதினோராம் கூடைக்கு முன்னால், நடுக்காட்டில், ஒரு கல்சுவர் ஓடுகிறது. முழங்கால் உயரம், சாந்து இல்லாமல் அடுக்கியது. காட்டுக்குள் யார் எதற்குச் சுவர் கட்டினார்கள்? காட்டுக்குள் கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி வெட்டவெளியாக இருந்தது. ஆட்டு மந்தைக்கும் வயலுக்கும் போடப்பட்ட வேலி அது. 1825இல் ஈரி கால்வாய் திறந்தது, பிறகு ரயில் வந்தது; மேற்கே நல்ல மண்ணில் விளைந்த தானியம் மலிவாக வந்து இறங்கியது. பாறை நிலத்தோடு மல்லுக்கட்டிய விவசாயிகள் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். கைவிட்ட வயலில் பைன் முளைத்தது. முற்றியதும் அதை வெட்டிப் பெட்டி செய்தார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதியை 1938 செப்டம்பர் புயல் ஒரே நாளில் சாய்த்தது. அதற்குப்பின் எழுந்ததுதான் நான் 'அடர்ந்த காடு' என்று எழுதியது. விவசாயிகளுக்கு முன்னால் நிப்மக் மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். தீ வைத்து அடிக்காட்டைத் தமக்கேற்றவாறு வைத்துக்கொண்டார்கள். அவர்களை அகற்றிய பிறகுதான் 'யாருமில்லாத நிலம்' கிடைத்தது.

ஆக, கை படாத காடு என்ற ஒன்றை நான் கெடுத்துவிடவில்லை. காப்பாற்றவும் என்னிடம் அப்படி ஒன்று இல்லை. இது விடுதலை தரும் செய்தி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்: எல்லோரும் வெட்டியதுதானே, நாமும் வெட்டுவோம். எனக்கு அது அப்படிப் படவில்லை. குற்றமற்ற ஆரம்பம் எங்குமே இல்லை என்றால், குற்றமற்றவனாக நின்று பேசும் இடமும் யாருக்கும் இல்லை. அவ்வளவுதான் அதிலிருந்து கிடைக்கிறது.

6

இரண்டு பதில்களைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் நல்லவர்கள் சொன்னவை.

ஒன்று: இந்த நிலத்தில் களம் வராவிட்டால் வீடுகள் வந்திருக்கும். சில நூறு மரங்கள் போய் சில ஆயிரம் மரங்கள் நிற்கின்றன. இது உண்மை. இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இது கணக்குப் பதில். ஆயிரம் நிற்கிறது என்பதால் போன நூறைப் பற்றிப் பேசாதே என்று கணக்கு சொல்லும்போது, கணக்கு தன் வேலையை மீறுகிறது. வரவு செலவைச் சரிக்கட்டலாம். செலவே இல்லை என்று எழுத முடியாது.

மற்றது என் நண்பர் ஒருவர் சொன்னது. அவர் காட்டில் நடப்பதோடு சரி. "நான் எதையும் வெட்டவில்லையே" என்றார். அவர் நடக்கிற பாதை வெட்டப்பட்டது. வருஷாவருஷம் யாரோ அதன்மேல் சாய்ந்ததை அறுத்து ஒதுக்குகிறார்கள். மண் கெட்டியாகாமலிருக்கச் சில்லுகள் கொட்டுகிறார்கள். அவர் கை சுத்தமாக இருப்பது அந்தக் கைகளால். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர் செருப்புத் தைப்பவனிடம் காட்டிய தூரம் நினைவுக்கு வருகிறது. தோல் வேண்டும், தோலைத் தொட்டவன் மட்டும் தள்ளி நிற்க வேண்டும்.

இதை எழுதுவதற்கு ஒரு நிர்ப்பந்தமும் இருக்கிறது. களத்தில் கடைசி நாலு கூடைகளுக்கான பாதை இன்னும் முழுசாக வெட்டி முடியவில்லை. இப்படிப்பட்ட களங்களில் ஆடுகிறவர்களே ஒரு நாள் கூடி வேலை செய்வது வழக்கம். வரும் சனிக்கிழமை ரம்பம், அரிவாள், கையுறையோடு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். வயதைக் காரணம் சொல்லலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திங்கட்கிழமை போய் ஆடலாம். பாதை தயாராக இருக்கும்.

போவதென்று முடிவு செய்திருக்கிறேன். காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். கையால் வெட்டுகிறவன் விலையறிந்து குறைவாக வெட்டுவான் என்று ஒரு அழகான வாதம் உண்டு. அதற்குச் சரித்திரத்தில் ஆதாரமில்லை. அந்தக் கல்சுவரைக் கட்டியவர்கள் எல்லாவற்றையும் கையால்தான் வெட்டினார்கள். எதையும் மிச்சம் வைக்கவில்லை. வெட்டுவது என்னை நல்லவனாக்காது. நான் போகாவிட்டாலும் அதே மரங்கள்தான் விழும். எனவே மரங்களுக்கும் இதில் லாபமில்லை. இருந்தாலும், கிளையைத் தொடாமல் முழங்காலில் நின்று நான் காட்டும் மரியாதை பொய்யாகாமல் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்பு நடந்ததில் என் கை இருக்க வேண்டும். விதிக்கு உட்பட்டவனாக மட்டும் இருந்து, விதிக்கு முந்திய காரியத்தை இன்னொருவன் கணக்கில் எழுதிவிட்டு, அவனைவிட நான் மென்மையானவன் என்று நினைத்துக்கொள்ள வழி இருக்கக் கூடாது. எல்லா நியாயத்துக்கும் முன்னால் நியாயத்துக்குள் அடங்காத ஒரு வெட்டு இருக்கிறது என்றால், அதில் பங்கு எடுத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்வது ஒன்றுதான் மிஞ்சும் நேர்மை.

அங்கே போய் இரண்டு காரியம் கேட்கப் போகிறேன். பதினாறாம் கூடைக்கான பாதையில், ஆரஞ்சுப் பெயின்ட் வாங்காத ஒரு செஸ்ட்நட் துளிர் நிற்கிறது. என் மணிக்கட்டுப் பருமன். 1904இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் அந்த இனத்தையே வீழ்த்திவிட்டது. வேர் மட்டும் சாகவில்லை. துளிர் விடுகிறது, கொஞ்சம் வளர்ந்ததும் நோய் அதைக் கொல்கிறது, மறுபடி துளிர் விடுகிறது. எப்படியும் சாகப்போவதை வெட்டினால் என்ன என்பார்கள். சாகப்போவது என்பது நம் யாருக்கும் எதிராகப் பயன்படுத்தக்கூடிய வாதம் என்று சொல்லிப் பார்ப்பேன். எடுபடலாம், எடுபடாமலும் போகலாம்.

இரண்டாவது, அடிக்கட்டைகள். கால் தடுக்குகிறது, பார்க்க நன்றாயில்லை என்று அவற்றை எந்திரத்தால் அரைத்து மண்ணோடு மட்டமாக்கும் பேச்சு இருக்கிறது. மேடைக்கு அருகில் உள்ளவற்றை அரைக்கட்டும்; ஓடிவந்து எறிகிற இடம், ஒருவர் விழுந்து கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். மற்றவற்றை விட்டுவிடச் சொல்வேன். உணர்ச்சிப் பேச்சு வேண்டியதில்லை. அவர்களுடைய விதிப்புத்தகமே போதும். அடிக்கட்டைக்கு வேர் இருக்கிறது. வேர் உள்ளது களத்தின் அங்கம். தட்டு அதன் பக்கத்தில் விழுந்தால், அதை அசைக்காமல், அதற்குத் தகுந்தாற்போல் காலை வைத்துத்தான் நாங்கள் நிற்க வேண்டியிருக்கும்.